62,000 டாலர் கடன் அல்ல. முதலில் நோட்டீஸ், பிறகுதான் புதுக் கையெழுத்து

கேள்வி: அமெரிக்காவின் டென்னசியில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறோம். மகளுக்கு 24 வயது. நாஷ்வில்லில் கன்ட்ரி இசை பாடுகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள ஒரு சிறிய இன்டிபென்டன்ட் லேபிளுடன் (பாட்டைப் பதிவு செய்து வெளியிடும் கம்பெனி) ஒப்பந்தம் போட்டாள். முதல் ஆல்பம் வந்தது. இரண்டாவதைப் பாடி முடித்துக் கொடுத்து 14 மாதம் ஆகிறது, இன்னும் வெளியிடவில்லை. விலகுகிறேன் என்று சொன்னதும், 62,000 டாலர் ‘ரிக்கூப் ஆகவில்லை’, கட்டிவிட்டுப் போ என்று மெயில் வந்திருக்கிறது. வேறொரு கம்பெனி அவளை உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறது. வீட்டின் மேல் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா என்கிறார் என் கணவர். அவள் எழுதிய பாட்டுகள் அவளிடம் திரும்ப வருமா?

பதில்: அம்மா, வீட்டின் மேல் கடன் வாங்கும் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ரிக்கூப் ஆகாத தொகை, அதாவது லேபிள் செலவழித்ததில் இன்னும் திரும்பி வராத பணம், வழக்கமான ரெக்கார்டிங் ஒப்பந்தத்தில் கடன் அல்ல. ஸ்டுடியோ வாடகை, இசைக்கலைஞர் சம்பளம், வீடியோ, அட்வான்ஸ் என்று லேபிள் செலவழித்ததை, மகளுக்குச் சேர வேண்டிய ராயல்டியிலிருந்து மட்டும் கழித்துக்கொள்ளலாம். ராயல்டி வரவில்லை என்றால் நஷ்டம் லேபிளுடையது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவளுக்கு ராயல்டி 20 சதவீதம் என்று வையுங்கள். ஸ்ட்ரீமிங்கில் லேபிளுக்கு 10,000 டாலர் வந்தால் அவள் கணக்கில் 2,000 மட்டுமே வரவாகும். இந்த வேகத்தில் 62,000 அடைய வேண்டுமானால் லேபிளுக்கு 3,10,000 டாலர் வர வேண்டும். அதாவது, போட்ட பணத்தை லேபிள் எடுத்து முடித்து வெகுநாள் ஆன பிறகும் உங்கள் மகளின் கணக்கு சிவப்பிலேயே நிற்கும். அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஒப்பந்தத்தில் ‘கலைஞர் விலகினால் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா, வேனுக்கோ டூருக்கோ தனியாகப் புரோநோட் எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று தேடுங்கள். அவளே ஒப்பந்தத்தை மீறினாலும் நஷ்டஈட்டுக் கேள்வி எழும். இவை எதுவும் இல்லையென்றால் அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டாம். ‘கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டாலும், இல்லாத கடனை ஒப்புக்கொண்டதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அடுத்து, எப்படி விலகுவது. மகள் ‘விலகுகிறேன்’ என்று வாயால் சொன்னதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. கலிஃபோர்னியாவில் ஏழு ஆண்டுக்கு மேல் யாரையும் பிடித்து வைக்க முடியாது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அந்த மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2855-வது பிரிவு. டென்னசியில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தத்தின் வாசகம் மட்டுமே. அதில் நான்கு இடங்களை எடுத்துப் படியுங்கள்: ஆப்ஷன், வெளியீட்டுக் கடமை, நோட்டீஸ் அனுப்பும் முறை, மறுபதிவுத் தடை.

ஆப்ஷன் என்றால், முதல் ஆல்பத்துக்குப் பிறகு அடுத்ததைக் கேட்கும் உரிமை லேபிளுக்கு மட்டும் உண்டு என்பது. அதை எழுத்தில், இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று கெடு இருக்கும். கெடு தாண்டியிருந்தால் ஒப்பந்தம் முடிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் பல ஒப்பந்தங்களில் ஒரு பொறி வைத்திருப்பார்கள்: கெடு முடிந்தாலும், கலைஞர் ‘உங்கள் கெடு முடிகிறது’ என்று எழுதி அனுப்பி, அதற்குப் பிறகும் குறிப்பிட்ட நாள் காத்திருந்தால்தான் ஆப்ஷன் செத்துப்போகும். இந்த வரியைக் கவனிக்காமல் போனவர்கள், சுதந்திரமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே கட்டுண்டு கிடப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் பலமான ஆயுதம் வெளியிடப்படாமல் கிடக்கும் ஆல்பம். வெளியீட்டுக் கடமைப் பிரிவு பெரும்பாலும் இப்படி ஓடும்: ஒப்படைத்ததிலிருந்து சில மாதங்களுக்குள் வெளியிட வேண்டும், தவறினால் கலைஞர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம், அதிலிருந்து 30 அல்லது 60 நாளில் வெளியிடாவிட்டால் கலைஞர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். 14 மாதம் என்பது எந்தக் கணக்கிலும் நீண்ட காலம். லேபிள் சொல்லப்போகும் பதில் எதுவென்றும் ஊகிக்கலாம்: ‘ஆல்பம் இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை’. ஒப்படைப்பு என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் தனி அர்த்தம் இருக்கும். பாட்டை மெயிலில் அனுப்பியது போதாது. முழு மிக்ஸ், பாடலாசிரியர் பங்கு விவரம், வாசித்தவர்களின் கையெழுத்து எல்லாம் சேர்ந்தால்தான் ஒப்படைப்பு என்று எழுதியிருப்பார்கள். ஆகவே எந்தத் தேதியில் எந்தக் கோப்பு போனது, ‘கிடைத்தது, நன்றாக இருக்கிறது’ என்று யார் பதில் எழுதினார்கள் என்ற மெயில்களை முதலில் திரட்டுங்கள். குறை இருந்தால் அதை இப்போதே அனுப்பி முடித்துவிட்டு நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸை ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையிலேயே (பெரும்பாலும் சர்ட்டிஃபைட் மெயில் அல்லது கூரியர்) அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதை நோட்டீஸாக ஏற்கமாட்டார்கள்.

புதுக் கம்பெனி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கு எழுத்து கையில் வரும் வரை அங்கே கையெழுத்துப் போடக் கூடாது. 1852-ல் லண்டனில் ஜோஹன்னா வாக்னர் என்ற ஓபரா பாடகி ஒப்பந்தத்தை மீறி வேறு அரங்கில் பாடப் போனார். நீதிமன்றம் அவரைப் பாடும்படி கட்டாயப்படுத்தவில்லை. போட்டி அரங்கில் பாடக் கூடாது என்று தடை போட்டது. அமெரிக்க நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் போகின்றன. டென்னசியில் இதற்கு மேலும் ஒரு கூர்மை உண்டு. ஒருவரைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்தவர் மூன்று மடங்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று மாநிலச் சட்டத்தின் 47-50-109-வது பிரிவு சொல்கிறது. புதுக் கம்பெனியின் வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேசுவதில் தவறில்லை, கையெழுத்தும் அட்வான்ஸும்தான் வேண்டாம்.

இனி பாட்டுகள். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதிய வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. மாஸ்டர் பெரும்பாலும் லேபிளுக்குப் போயிருக்கும். எழுதிய பாட்டு, தனியாகப் பப்ளிஷிங் ஒப்பந்தம் (எழுதிய பாட்டின் உரிமையைக் கொடுக்கும் ஒப்பந்தம்) போடாதவரை மகளுடையதுதான். சிறிய லேபிள்கள் அதே தாளின் கடைசிப் பக்கங்களில் பப்ளிஷிங்கையும் சேர்த்துவிடுவது உண்டு, பாருங்கள். நாஷ்வில்லில் ஒரு பாட்டை இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எழுதுவதுதான் வழக்கம் என்பதால், யாருக்கு எத்தனை பங்கு என்ற ஒப்புதலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அவள் இந்தப் பாட்டுகளை மேடையில் தாராளமாகப் பாடலாம். அதற்கான உரிமக் கட்டணத்தை அரங்கு நடத்துபவர் பாடலாசிரியர்களுக்காக வசூலிக்கும் பிஎம்ஐ, ஆஸ்கேப் போன்ற அமைப்புகளுக்குக் கட்டுகிறார். மறுபதிவுத் தடை அதைத் தொடாது. அதே பாட்டுகளைத் திரும்ப ரெக்கார்ட் செய்து வெளியிடுவதைத்தான் அது தடுக்கும். வெளியீட்டிலிருந்து ஐந்து ஆண்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை என்பது பழகிய வாசகம். மேடை நிகழ்ச்சியை வீடியோ எடுத்து விற்றால் அதுவும் தடைக்குள் வரலாம். நாஷ்வில்லின் பிக் மெஷின் லேபிளை விட்டு 2018-ல் டெய்லர் ஸ்விஃப்ட் வெளியேறியபோது மாஸ்டர்கள் அங்கேயே தங்கின; 2019-ல் லேபிளோடு சேர்ந்து கைமாறின. பாட்டுகளை எழுதியவர் அவரே என்பதாலும், தடைக்காலம் முடிந்ததாலும்தான் 2021 முதல் அவரால் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிட முடிந்தது. அதன் பிறகு லேபிள்கள் இந்தத் தடையைப் பத்து ஆண்டுக்கும் மேலாக நீட்டக் கேட்கின்றன. உங்கள் தாளில் எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

பெரும்பாலும் இது நீதிமன்றம் வரை போகாது. ஒரு பிரிவு ஒப்பந்தத்தில் முடியும். அதில் கேட்க வேண்டியவை சில. வெளிவராத ஆல்பத்தின் மாஸ்டரை மகள் வாங்கிக்கொள்ளும் உரிமை, அதுவும் நிரூபிக்கப்பட்ட ரெக்கார்டிங் செலவுக்கு மட்டும். முடியாவிட்டால், வருகிற வருமானத்தில் லேபிளுக்கு 2 அல்லது 3 சதவீதம் என்று பேசலாம். கச்சேரி, டி-ஷர்ட் வருமானத்தில் லேபிள் பங்கு எடுத்துக்கொண்டிருந்தால் அது எந்தத் தேதியோடு நிற்கும் என்று எழுத வேண்டும். அவள் பெயர், டொமைன், இன்ஸ்டாகிராம், ஸ்பாடிஃபை கலைஞர் பக்கம் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகள், விற்காமல் கிடக்கும் சிடிகள் எல்லாம் கணக்கில் வர வேண்டும். முதல் ஆல்பத்தின் மாஸ்டரும் அவளுக்கே வந்தால், பதிவு ஒவ்வொன்றுக்கும் உள்ள ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண்ணை மாற்றாமல், அதே கோப்பைப் புது விநியோகஸ்தர் வழியே ஏற்றிய பிறகுதான் பழையதை எடுக்கச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் இத்தனை நாள் சேர்ந்த ப்ளே எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும்.

டென்னசியின் எல்விஸ் சட்டம் 2024 ஜூலை 1 முதல் ஒருவரின் குரலை அனுமதியின்றிப் போலியாக்குவதிலிருந்தும் பாதுகாக்கிறது. ஆனால் பிரத்யேக ஒப்பந்தம் வைத்திருக்கும் லேபிளும் கலைஞர் சார்பில் அந்த உரிமையைக் கோரலாம். ஆகவே அவள் குரலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க லேபிளுக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரிவு ஒப்பந்தத்தில் கண்ணில் படாமல் நுழையும் ஒரு சொற்றொடர் உண்டு: ‘இந்தப் பதிவுகள் வேலைக்காகச் செய்யப்பட்டவை’ (ஒர்க் மேட் ஃபார் ஹயர்). சம்மதிக்கக் கூடாது. உரிமையை எழுதிக் கொடுத்த கலைஞர் 35 ஆண்டு கழித்து, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, அதைத் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 203-வது பிரிவு சொல்கிறது. வேலைக்காகச் செய்ததாக இருந்தால் அந்த வாசல் மூடிவிடும்.

லேபிளைத் தாண்டி நேரடியாக வரும் பணமும் இருக்கிறது. சிரியஸ் எக்ஸ்எம், பண்டோரா மாதிரியான டிஜிட்டல் ரேடியோவில் ஒலித்தால், அந்த ராயல்டியை வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு 45 சதவீதத்தைப் பாடகிக்கே அனுப்பும்; லேபிள் அதை 62,000-க்குக் கழித்துக்கொள்ள முடியாது. பெயர் பதியவில்லை என்றால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். சாதாரண எஃப்எம் கன்ட்ரி ஸ்டேஷன்கள் பாடகிக்கு ஒன்றும் தருவதில்லை, பாடலாசிரியருக்கு மட்டும்தான். அது அமெரிக்கச் சட்டத்தின் நெடுநாள் அநியாயம். சிடிக்கும் டவுன்லோடுக்கும் 2025-ல் சட்டப்படியான எழுத்தாளர் கட்டணம் ஒரு பாட்டின் ஒரு பிரதிக்கு 12.7 சென்ட்டாக இருந்தது, ஆனால் சிடிக்கு லேபிள்கள் ‘75 சதவீதம்தான், அதுவும் பத்து பாட்டுக்கு மட்டும்’ என்று வெட்டும் பிரிவு வைத்திருக்கும். ஸ்ட்ரீமிங்கின் எழுத்தாளர் பங்கு எம்எல்சி (மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ்) என்ற அமைப்பின் வழியே வருகிறது. அங்கேயும் பதிவு வேண்டும்.

வருமானம் குறைவென்றால், நாஷ்வில்லின் ஆர்ட்ஸ் அண்ட் பிசினஸ் கவுன்சில் கலைஞர்களுக்குத் தன்னார்வ வக்கீல்களை ஏற்பாடு செய்கிறது, விண்ணப்பிக்கலாம். மற்றபடி மியூசிக் ஒப்பந்தம் மட்டுமே பார்க்கும் டென்னசி வக்கீலிடம் போங்கள். புதுக் கம்பெனி ‘எங்கள் வக்கீலே பார்த்துக்கொள்வார்’ என்றால் வேண்டாம். அவர் அவர்களுக்காக உழைப்பவர்.

கடைசியாக, லேபிளின் கணக்கு அறிக்கைகளை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். டென்னசியில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் ‘அறிக்கை வந்து இரண்டு ஆண்டுக்குள் ஆட்சேபம் எழுதாவிட்டால் அதுவே முடிவு’ என்று இருக்கலாம். மூன்று ஆண்டுக்கு முன் போட்ட ஒப்பந்தம் என்பதால் முதல் அறிக்கையின் கெடு நெருங்கியிருக்கலாம். ஆட்சேபக் கடிதத்தை விலகல் நோட்டீஸோடு சேர்க்காமல் தனியாகவும், அதற்கு முன்பாகவும் அனுப்புங்கள். லேபிளின் கணக்கைத் தணிக்கை செய்து முடிக்கும்வரை ‘இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியில் மகள் கையெழுத்துப் போட வேண்டாம்.