சாம்பா இசையின் பிறப்பும் கருவிகளும்: கேள்வி பதில்

கே: சாம்பா என்றாலே ரியோ டி ஜெனிரோவின் கார்னிவல் ஊர்வலம்தான் நினைவுக்கு வருகிறது. அது அங்கேதான் பிறந்ததா?

ப: ஊர்வலத்தில் நாம் கேட்கும் சாம்பா ரியோவில் உருவானதுதான், ஆனால் அதன் வேர் பிரேசிலின் வடகிழக்கில், பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரை ஒட்டிய ரெக்கோன்காவோ பகுதியில் இருக்கிறது. கரும்பும் புகையிலையும் விளைந்த அந்த மண்ணுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் வட்டமாக நின்று கைதட்டிப் பாட, ஒருவர் மாற்றி ஒருவர் நடுவே வந்து ஆடும் ‘சாம்பா டி ரோடா’ இன்றும் அங்கே வழக்கில் உள்ளது. 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதில் சமையலறைப் பீங்கான் தட்டின் விளிம்பைக் கத்தியால் உரசி எழுப்பும் ஒலியும் ஒரு வாத்தியமாகவே மதிக்கப்படுகிறது. பெரும்பாலும் பெண்களே அதை வாசிப்பார்கள்.

கே: பாஹியாவிலிருந்து ரியோவுக்கு அது எப்படி வந்தது?

ப: பிழைப்புத் தேடி வந்தவர்களோடு வந்தது. 1888இல் அடிமை முறை ஒழிக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் பாஹியாவைச் சேர்ந்த பலர் அன்றைய தலைநகரான ரியோவின் துறைமுகப் பகுதியிலும் பிராசா ஒன்ஸே சதுக்கத்தைச் சுற்றியும் குடியேறினர். அவர்களுள் ‘தியா’, அதாவது அத்தை, என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட மூத்த பெண்கள் செல்வாக்கு மிக்கவர்கள். இனிப்புப் பண்டங்கள் விற்றுக் குடும்பம் நடத்திய தியா சியாட்டாவின் வீடு அவர்களுடைய வீடுகளுள் புகழ்பெற்றது. ஆப்பிரிக்க வழிவந்த கண்டோம்பிளே வழிபாட்டிலும் பொறுப்பு வகித்த அவர் வீட்டின் முன்கூடத்தில் ஷோரோ என்ற வாத்திய இசையும் பின்கட்டில் சாம்பாவும் நடந்ததாக அங்கே வாசித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அங்கே பலர் கூடிப் பாடி உருவாக்கிய ‘பேலோ தெலெஃபோனே’ என்ற பாடலைத்தான் 1916இல் டொங்கா என்ற இசைக்கலைஞர் தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவு செய்தார். மறு ஆண்டு இசைத்தட்டாகப் பரவிய அதை ‘முதல் சாம்பா’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘முதலில் பெரும் வெற்றி பெற்ற சாம்பா’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து; அதற்கு முன்பும் சாம்பா என்ற பெயரில் இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன. எங்களுக்கும் பங்குண்டு என்று மற்றவர்கள் எழுப்பிய குரலும் அன்றே கேட்டது.

கே: வாத்தியத்தைக் கையில் வைத்திருந்தாலே போலீசார் பிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

ப: உண்மைதான். சாம்பாக் கலைஞர்களைப் போலீசார் வேலையற்றுத் திரிபவர்களாகவே நடத்தினர். 1908இல் தம் பண்டேய்ரோ, அதாவது தகடுகள் பொருத்திய கைமுழவு, பறிக்கப்பட்டதைப் பிற்காலத்தில் ஜொவாவ் டா பயானா என்ற கலைஞரே சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட செனட்டர் பின்யேய்ரோ மஷாடோ, தம் பெயரும் பாராட்டும் பொறித்த புதிய பண்டேய்ரோ ஒன்றை அவருக்கு அளித்தார். அந்தப் பெயரைக் கண்ட பிறகு யார் பறிப்பார்கள்?

கே: பண்டேய்ரோ நம் கஞ்சிராதானா?

ப: உறவு சொல்லலாம், ஒன்றல்ல. இரண்டும் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டியவை. பண்டேய்ரோ அளவில் பெரியது, சுற்றிலும் பல இணைத் தகடுகள் கொண்டது. கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கையின் அடிப்பகுதி என மாற்றி மாற்றித் தட்டி, ஒருவரே அடிநாதத்தையும் இடையொலிகளையும் தர முடியும்.

கே: ஊர்வலத்தில் நெஞ்சில் மோதுவது போல ஒலிக்கும் பெரிய முரசு எது? பழமையானதா?

ப: அதன் பெயர் சுர்டோ, பலர் நினைப்பதைவிட மிகவும் இளையது. தியா சியாட்டா வீட்டுக் காலத்துச் சாம்பா, மாஷீஷே என்ற நடனத்தின் சாயல் கொண்டது. கூடத்தில் ஆட ஏற்றது, தெருவில் கூட்டமாக நடந்துகொண்டே பாட ஏற்றதன்று. ரியோவின் எஸ்டாசியோ பகுதி இளைஞர்களுக்கு இது குறையாகப்பட்டது. இஸ்மாயேல் சில்வா, பிடே முதலானோர் 1928இல் ‘டெய்ஷா ஃபலார்’ என்ற குழுவைத் தொடங்கி, நடைக்கு இசைவாகத் தாளத்தை நீட்டி மாற்றினர். அத்தனை பேருக்கும் அடி கேட்க வேண்டுமே! பெரிய வெண்ணெய்த் தகர டப்பாவில் தோலைப் பூட்டிப் பிடே முதல் சுர்டோவைச் செய்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு.

இரண்டு அடி கொண்ட சுற்றில் கனத்த அழுத்தம் இரண்டாம் அடியில் விழுகிறது என்பதே சாம்பாவின் உயிர்நாடி. அந்த அடியைக் கட்டைக் குரலில் முதல் சுர்டோ கொடுக்க, சற்றே உயர்ந்த சுருதியில் இரண்டாவது சுர்டோ முதல் அடியில் பதில் சொல்ல, மூன்றாவது இரண்டுக்கும் இடையே வெட்டி வெட்டிச் செல்லும். சாம்பாப் பள்ளிகள் எனப்படும் கார்னிவல் ஊர்வலச் சங்கங்களுள் மங்கேய்ரா மட்டும் அந்தப் பதில் சுர்டோவைச் சேர்ப்பதில்லை. ஆகவே அதன் தாளக் குழுவைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். இவற்றின் மேல் கைஷா என்ற பக்க முரசு இடைவிடாமல் பொரிய, ரெப்பினிக்கி என்ற உயர்சுருதி முரசு அழைப்புக் கொடுக்க, தாம்போரிம் என்ற சிறு சட்ட முழவுகள் பாடலின் நெளிவுக்கேற்ப ஒரே வீச்சில் ஒலிக்கும்.

கே: மனிதர் முனகுவது போலவும் சிரிப்பது போலவும் ஒலிக்கும் கருவி எது?

ப: குயீக்கா. அதைத் தட்டி வாசிப்பதில்லை. தோலின் நடுவே உட்புறமாக ஒரு மெல்லிய மூங்கில் குச்சி கட்டப்பட்டிருக்கும். உருளைக்குள் கையை விட்டு, ஈரத்துணியால் அந்தக் குச்சியைப் பிடித்து உருவினால் தோல் அதிர்ந்து குரல் எழுப்பும். வெளியே மற்றக் கையின் விரலால் தோலை அழுத்தினால் சுருதி ஏறும். துணி காய்ந்தால் ஒலியும் நின்றுவிடும். மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டு மக்களிடமிருந்து வந்த உராய்வு முழவு இது. இரட்டை மணியான அகோகோ, மேற்கு ஆப்பிரிக்க யோருபா மக்களின் கொடை.

கே: தந்திக் கருவிகளுக்கும் காற்றுக் கருவிகளுக்கும் இடம் உண்டா?

ப: போர்ச்சுக்கல் வழி வந்த நான்கு தந்திச் சிறு கிதாரான கவாக்கின்யோ இல்லாத சாம்பா அரிது, தாழ்ந்த சுருதியில் எதிர்ப்பாட்டாக ஓடும் ஏழு தந்திக் கிதாரும் அதற்குத் துணை. 1970களின் இறுதியில் ரியோவின் காசிக்கி டி ராமோஸ் என்ற கார்னிவல் குழுவின் முற்றத்தில் கூடியவர்கள், அமர்ந்து வாசிக்க வசதியாகக் கையால் தட்டும் தந்தான் என்ற முழவையும், கவாக்கின்யோவின் கழுத்தைப் பொருத்திய பாஞ்சோவையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எக்காளம் போன்ற காற்றுக் கருவிகள் இசைத்தட்டுச் சாம்பாவில் தாராளமாக உண்டு. ஆனால் சாம்பாப் பள்ளிகளின் போட்டி ஊர்வலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் கொண்ட தாளக் குழுவுக்கு அவை விதிப்படி விலக்கப்பட்டவை. தாளக் குழுத் தலைவரின் விசிலுக்கு மட்டும் அனுமதி உண்டு.