மூடிய வகை ரெட் டாட்: எதைப் பார்த்து வாங்குவது?

ரெட் டாட் என்பது இலக்கின் மேல் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் சிறு கருவி. கைத்துப்பாக்கியில் பொருத்தும் அதன் மூடிய வகை பற்றி வாசகர்கள், பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவர்கள், அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ள திறந்த வகை ரெட் டாட் நன்றாகவே வேலை செய்கிறது. கூடுதல் பணம் கொடுத்து மூடிய வகைக்கு மாறத்தான் வேண்டுமா? (ஹூஸ்டன்)

இரண்டும் இயங்கும் விதம் ஒன்றுதான். பின்பக்கத்தில் உள்ள சிறிய எல்இடி முன்கண்ணாடியின் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறது. வளைவான அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. திறந்த வகையில் அந்த எல்இடிக்கு மறைப்பு எதுவும் கிடையாது. ஒரு மழைத்துளியோ, துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துச் சுமப்பவர்களின் துணியிலிருந்து உதிரும் நூல்பிசிறோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், புள்ளி சிதறித் தெரியும் அல்லது அறவே மறைந்துபோகும். அந்த இடுக்கில் விரல் நுழையாது என்பதால் பஞ்சுக்குச்சியைத்தான் தேட வேண்டியிருக்கும். மூடிய வகையில் எல்இடியும் அதன் ஒளி செல்லும் பாதையும் இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டிருப்பதால், வெளிக்கண்ணாடியைக் கட்டைவிரலால் ஒரு துடைப்புத் துடைத்தால் போதும்.

ஆனால் உங்கள் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப்போல இதன் வெளிப்புறமும் மங்கும். அதுவும் முன், பின் என இரு பக்கங்களிலும் மங்கும் என்பதால், பனிமூட்டத் தடுப்புப் பூச்சை இரண்டிலும் பூச வேண்டும். முன்கண்ணாடி மட்டும் மறைந்திருந்தால் புள்ளி அப்போதும் தெரியும். இரு கண்களையும் திறந்து வைத்திருப்பவர் மற்றக் கண்ணால் இலக்கைப் பார்த்துக் குறிவைத்துவிடலாம். பின்கண்ணாடி மங்கினால்தான் புள்ளியே கலங்கிவிடும். உங்கள் துப்பாக்கி உள்ளரங்கச் சுடுதளத்தைத் தாண்டி வெளியே வருவதில்லை என்றால், இப்போது இருப்பதே போதும், மாற வேண்டாம்.

கேள்வி: என்னுடையது க்ளாக் எம்ஓஎஸ் (ரெட் டாட் பொருத்தப் பள்ளம் வெட்டியே வரும் வகை). எய்ம்பாயின்ட், ஸ்டைனர், ஹோலோசன், ட்ரிஜிகான் இவற்றில் எது சிறந்தது? (டாலஸ்)

நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபுட்பிரிண்டைப் பாருங்கள். ரெட் டாட்டின் அடிப்பாகமும் ஸ்லைடில் (துப்பாக்கியின் முன்பின் நகரும் மேற்பகுதியில்) வெட்டப்பட்ட பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இடையில் ஓர் அடாப்டர் தகடு வரும், தகடு வந்தால் உயரமும் கூடும், கழன்றுபோகக்கூடிய திருகுகளின் எண்ணிக்கையும் கூடும். கடைக்காரர்கள் பலர் இதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள் என்பது என் மனக்குறை.

கைத்துப்பாக்கிக்கான மூடிய வகையைப் பரவலாக்கிய எய்ம்பாயின்ட் அக்ரோவுக்குத் தனி ஃபுட்பிரிண்ட் உண்டு. ஸ்டைனர் எம்பிஎஸ்ஸும் அதையே பின்பற்றுகிறது. ஸ்லைடின் குறுக்கே பக்கவாட்டில் இறுகப் பிடிக்கும் அமைப்பு அது என்பதால், எம்ஓஎஸ் ஸ்லைடில் தகடு இல்லாமல் அமராது. எனவே தகட்டின் விலையையும் தரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ட்ரிஜிகானின் மூடிய வகையான ஆர்சிஆர், அந்நிறுவனத்தின் பழைய திறந்த வகையான ஆர்எம்ஆரின் ஃபுட்பிரிண்டிலேயே அமரும்படி வந்திருப்பதால், ஆர்எம்ஆருக்கென ஸ்லைடை வெட்டி வைத்திருப்பவர்களுக்கு அதுவே நேர்வழி. ஹோலோசன் ஈபிஎஸ் கேரி என்பது க்ளாக் 43எக்ஸ் போன்ற ஒல்லியான துப்பாக்கிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அக்ரோ பி-2-ஐவிடக் கணிசமாக மலிவு. புதிதாகத் துப்பாக்கியே வாங்குபவர், 2025-இல் எய்ம்பாயின்ட் கோவாவுடன் வந்த க்ளாக் ஏ-கட் அமைப்பையும் பார்க்கலாம். அதில் ரெட் டாட்டின் முன்முனை ஸ்லைடுக்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள, பின்னால் ஓர் ஆப்பு அதை இறுக்குகிறது. தகடு என்ற பேச்சே இல்லை. அந்த வெட்டில் வேறு வகைகள் எளிதில் அமராது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புள்ளி எனக்கு வட்டமாகத் தெரியாமல் வால்நட்சத்திரம்போல் இழுத்துக்கொண்டு தெரிகிறது. பழுதா? (நியூ ஜெர்சி)

பெரும்பாலும் பழுது கண்ணாடியில் அல்ல, கண்ணில். கைப்பேசிக் கேமராவை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு சோதனையும் உண்டு: தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி, தலையை மட்டும் பக்கவாட்டில் மெல்லச் சாயுங்கள். தலையோடு சேர்ந்து வாலும் திரும்பினால் காரணம் கண்தான். சரியான மூக்குக்கண்ணாடி அணிந்தால் பலருக்கு இது பெருமளவு சரியாகிவிடும். வெளிச்சத்தைக் குறைத்தாலும் சிதறல் அடங்கும். தேவைக்கு மேல் ஒளியைக் கூட்டி வைத்துக்கொண்டு புள்ளியைக் குறை சொல்பவர்களே அதிகம். சிலருக்குப் பச்சைப் புள்ளி தெளிவாகத் தெரிகிறது, சிலருக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆகவே இணையத்தில் பார்த்து வாங்காமல், கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள்.

நாற்பதைத் தாண்டி, புரோகிரஸிவ் கண்ணாடி (மேலே தூரப்பார்வைக்கும் கீழே கிட்டப்பார்வைக்கும் ஆனது) அணிபவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் பார்க்க வேண்டியது இலக்கை, புள்ளியை அல்ல. எனவே கண்ணாடியின் தூரப்பார்வைப் பகுதியே உதவும். துப்பாக்கியின் மேலுள்ள வழக்கமான இரும்புக் குறியைத் தேடிய காலத்துப் பழக்கத்தில் தாடையை உயர்த்தினால், கிட்டப்பார்வைப் பகுதி குறுக்கே வந்து இலக்கு மங்கிவிடும்.

கேள்வி: 2 எம்ஓஏ, 3.5 எம்ஓஏ, 6 எம்ஓஏ: எதைத் தேர்ந்தெடுப்பது? (அட்லாண்டா)

எம்ஓஏ என்பது புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். அப்படியானால் 25 மீட்டரில் 2 எம்ஓஏ புள்ளி சுமார் 15 மில்லிமீட்டரையும், அக்ரோவின் 3.5 எம்ஓஏ சுமார் 25 மில்லிமீட்டரையும், 6 எம்ஓஏ சுமார் 44 மில்லிமீட்டரையும் மறைக்கும். தொலைவில் நிதானமாகச் சுடுபவருக்குச் சிறியது, அருகில் விரைவாகச் சுடுபவருக்குப் பெரியது. ஹோலோசனின் சில வகைகளில் 2 எம்ஓஏ புள்ளியைச் சுற்றி 32 எம்ஓஏ வட்டமும் உண்டு. துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளியைக் காணாமல் தேடும் புதியவர்களுக்கு வட்டத்தின் ஓரமாவது கண்ணில் படும்.

கேள்வி: 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். இதைப் பயன்படுத்தலாமா? (சென்னை)

முடியாது. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் திறந்த இரும்புக் குறிக்கு மட்டுமே அனுமதி. ஓடி நகர்ந்து சுடும் ஐபிஎஸ்சி விளையாட்டில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு.

கேள்வி: பேட்டரி 50,000 மணி நேரம் வரும் என்கிறார்கள். நம்பலாமா? தானியங்கி ஒளி தேவையா? (சியாட்டில்)

அக்ரோ பி-2-க்குச் சொல்லப்படும் அந்தக் கணக்கு, சிஆர் 2032 பேட்டரியோடு, நடுத்தர ஒளியில் எடுத்தது. ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல் வருகிறது. நல்ல வெயிலுக்கு ஒளியைக் கூட்டி வைத்தால் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, மறக்காத ஒரு நாளில், மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம் பேட்டரி எங்கிருந்து வெளியே வருகிறது என்பது: மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுக்க முடிந்தால் ரெட் டாட்டைக் கழற்ற வேண்டியதில்லை, மறுபடி ஜீரோ செய்யும் (புள்ளியையும் தோட்டா படும் இடத்தையும் ஒன்றாக்கும்) வேலையும் இல்லை. தானியங்கி ஒளியைப் பொறுத்தவரை, அதன் உணரி நீங்கள் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தையே பெரும்பாலும் அளக்கிறது. இருட்டறையில் நின்று வெளிச்சமான முற்றத்தைப் பார்த்தால் புள்ளி மங்கிக் காணாமல் போகலாம். நான் கைமுறையையே விரும்புகிறேன்.

கேள்வி: பொருத்தியபின் திருகுகள் தளர்கின்றன, போதாததற்கு க்ளாக்கில் காலித் தோட்டாக்கள் சரியாக வெளியே வருவதில்லை. (ஃபீனிக்ஸ்)

இரண்டுக்கும் திருகுதான் காரணமாக இருக்கலாம். க்ளாக் ஸ்லைடின் வலப்பக்கத் திருகுத்துளைக்கு அடியில் எக்ஸ்ட்ராக்டரை (காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியை) அழுத்திப் பிடிக்கும் கம்பி ஓடும் குழாய் இருக்கிறது. திருகு சற்றே நீளமாக இருந்தால் அந்தக் கம்பியில் போய் முட்டும், எக்ஸ்ட்ராக்டர் சிக்கிக்கொள்ளும். தகட்டோடு வந்த திருகை மட்டுமே பயன்படுத்துங்கள். இடவல மாற்றமும் கூடாது. தளர்வுக்கு: துளையிலும் திருகிலும் உள்ள எண்ணெயை முற்றிலும் துடைத்து, நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி இட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவியால்) முடுக்குங்கள். காய்ந்தபின் திருகின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், திருகு நகர்ந்ததா இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரியும். ஆனால் திருகு அசையாமலேயே தகடு ஆடக்கூடும். அதனால் ஒவ்வொரு முறை சுடுதளத்துக்குச் செல்லும்போதும் முதல் சில தோட்டாக்களை ஜீரோ சரிபார்க்க ஒதுக்குங்கள்.