பத்திரிகை டிசைனுக்கு எந்தக் கம்ப்யூட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் எட்டு வருடம் டிடிபி வேலை பார்த்தேன். இனி வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்துகொடுக்க நினைக்கிறேன். கோரல் டிரா, ஃபோட்டோஷாப் இரண்டும்தான் என் வேலை. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "பெரிய கம்பெனியிலிருந்து வந்த வொர்க்ஸ்டேஷன். ஜியான் 14 கோர், 32 ஜிபி, குவாட்ரோ கிராஃபிக்ஸ் கார்டு. பாதி விலைக்குத் தர்றேன்" என்கிறார். என் தம்பி, "கேமிங் பிசியா போட்டுடுக்கா, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாத்தான் டிசைன் ஓடும்" என்கிறான். எதை வாங்குவது?
– அயனாவரம் வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வேலைக்குப் பணம் போக வேண்டிய இடம் மானிட்டர், மெமரி (ராம்), எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு). கடைக்காரரும் தம்பியும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதைப் பேசுகிறார்கள்.

முதலில் அந்தப் பழைய வொர்க்ஸ்டேஷன். டெல் பிரிசிஷன், எச்பி இசட், லெனோவா திங்க்ஸ்டேஷன் வகைப் பெட்டிகள் உறுதியானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 14 கோர் ஜியான் (இன்டெல்லின் வொர்க்ஸ்டேஷன் பிராசசர்; கோர் என்பது அதற்குள் கணக்குப் போடும் பகுதி) என்று பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் இ5-2680 வி4 போன்ற 2016-ஆம் வருட பிராசசர். அதன் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 6 கோர் மட்டுமே உள்ள ஐ5-12400 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். கோரலிலும் ஃபோட்டோஷாப்பிலும் நீங்கள் செய்கிற பெரும்பாலான வேலை ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தை நம்பித்தான் நடக்கிறது. மீதிப் பன்னிரண்டும் சும்மா இருக்கும், கரண்டை மட்டும் இழுக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பிராசசர் பட்டியலில் இந்த ஜியான் கிடையாது. இன்டெல் கோர் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் பட்டியலில் உண்டு. எப்படியாவது ஏற்றித் தருகிறோம் என்பார்கள், ஏற்றவும் முடியும். ஆனால் ஒரு பெரிய அப்டேட்டில் நின்றுபோனால், முகூர்த்த சீசனில் பத்திரிகை வேலையோடு மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான். செகண்ட் ஹேண்டில்தான் வாங்குவேன் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

தம்பி சொல்வது முப்பரிமாண வேலைக்கும் வீடியோவுக்கும் பொருந்தும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்கிறவருக்குப் பெரிய கார்டு சோறு போடும். பத்திரிகையும் பேனரும் செய்கிறவருக்கு பிராசசரோடு வருகிற கிராஃபிக்ஸே போதும். ஃபோட்டோஷாப்பில் சில ஃபில்டர்கள் கார்டு இருந்தால் வேகமாக ஓடும், அவ்வளவுதான். பின்னால் தேவைப்பட்டால் ஒரு கார்டு செருகிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: விலை குறைவு என்று 12400எஃப் மாதிரி எஃப் எழுத்தில் முடிகிற பிராசசரைக் கொடேஷனில் போடுவார்கள். அதில் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. கொடேஷனில் பிராசசரின் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மெமரிக்கு வருவோம். ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை வண்ணங்கள்) என்றால் ஒரு முழு லேயருக்கு, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் ஓர் அடுக்குக்கு, சுமார் 70 எம்பி ஆகிறது. பிள்ளையார், பெயர்கள், பார்டர், ஃபாயில் என்று இருபது லேயர் போட்டால் 1.4 ஜிபி. அண்டூ செய்வதற்காக ஃபோட்டோஷாப் வைத்துக்கொள்ளும் பழைய நிலைகள் தனி. கூடவே கோரல், பிரவுசர், வாடிக்கையாளர் படம் அனுப்புகிற வாட்ஸ்அப். 8 ஜிபியில் இது திணறும், 16 ஜிபியில் ஓடும், 32 ஜிபியில் நிம்மதி. 2025 கடைசியிலிருந்து மெமரி விலை கடுமையாக ஏறிவிட்டதால், இப்போது இரண்டு 8 ஜிபி போட்டு, மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை இறங்கும்போது மீதி இரண்டை நிரப்பலாம்.

பேனர் பெரியதாயிற்றே, மெஷினும் பெரியதாக வேண்டாமா என்று தோன்றும். 10-க்கு 8 அடி ஃப்ளெக்ஸை 72 டிபிஐ-யில் செய்தால் ஒரு லேயர் 240 எம்பிதான். தூரத்திலிருந்து பார்க்கிற பேனருக்கு அது போதும். அதையே 300 டிபிஐ-யில் திறந்தால் ஒரே லேயர் 4 ஜிபியைத் தாண்டும், ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பாக சேவ்கூட ஆகாது. இது மெஷின் வாங்கித் தீர்க்கிற பிரச்சினை இல்லை.

எஸ்எஸ்டி: வேகமான என்விஎம்இ வகையில் 500 ஜிபியாவது வேண்டும், 1 டிபி நல்லது. மெமரி நிரம்பினால் ஃபோட்டோஷாப் டிஸ்க்கைத்தான் தற்காலிக இடமாகப் பயன்படுத்தும். அப்போது பழைய ஹார்டு டிஸ்க்குக்கும் என்விஎம்இ-க்கும் உள்ள வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஹார்டு டிஸ்க்கை முடிந்த வேலைகளைச் சேர்த்துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மானிட்டர். உங்கள் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் உங்களுக்கு அரை மணி நேரம் போகும். திரை நிறத்தைத் தப்பாகக் காட்டினால் ஆயிரம் பத்திரிகை வீணாகும். அரக்குச் சிவப்பு என்று நீங்கள் பார்த்தது அச்சில் பழுப்பாக வந்து நின்றால் பெண் வீட்டாரிடம் என்ன சொல்ல முடியும்?

திரை வகைகளில் ஐபிஎஸ் பேனல்தான் வேண்டும். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே நிறம் மாறும். கடையில் எழுந்து நின்றும், பக்கத்தில் நகர்ந்தும் பாருங்கள். அடுத்து, எஸ்ஆர்ஜிபி என்கிற நிற அளவுகோலில் எத்தனை சதவீத நிறங்களைத் திரை காட்டும் என்று கேளுங்கள். 99, 100 என்று இருக்க வேண்டும். சில பெட்டிகளில் என்டிஎஸ்சி என்ற இன்னொரு அளவுகோலின் கணக்கில் போட்டிருப்பார்கள். அதில் 72 சதவீதம் என்பது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி அளவு. 45 சதவீதம் என்றால் தொடவே வேண்டாம், மலிவு லேப்டாப் திரைகளில் பல இந்த ரகம்தான். அளவு 24 அங்குலம் என்றால் 1920×1080 போதும், 27 அங்குலம் என்றால் 2560×1440 வாங்குங்கள். கேமிங்குக்கென்று சொல்லும் 165 ஹெர்ட்ஸ், வளைந்த திரை எதற்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது, முன்பு நீங்கள் செய்து அச்சான பத்திரிகை ஒன்றையும் அதன் கோப்பைப் பென் டிரைவிலும் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. கடையில் மானிட்டரின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்திருப்பார்கள், பாதிக்குக் குறைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டிலும் அப்படித்தான். அச்சோடு ஒப்பிட வெள்ளை நிறத்துக்கு 6500 கெல்வினும் 120 கேண்டலா அளவிலான பிரகாசமும் போதும். எவ்வளவு நல்ல திரையானாலும், பளீரென்ற கிளிப்பச்சை நான்கு வண்ண மையில் வராது. அதனால் முக்கியமான நிறங்களை சிஎம்ஒய்கே எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். அச்சக அனுபவம் இருக்கிறதே, அது இங்கே உங்களுக்குப் பெரிய பலம்.

யுபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். கார்டு இல்லாத பெட்டிக்கும் ஒரு மானிட்டருக்கும் 600 விஏ திறனுள்ள லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் போதும், சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கோப்புகளின் நகலை வைக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அவசியம்.

கடைசியாக, "எல்லா சாஃப்ட்வேரும் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்றால் மறுத்துவிடுங்கள். அது திருட்டுப் பிரதி, வைரஸும் கூடவே வரலாம். லைசென்ஸுக்கான பணத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள். அதற்கு இப்போது முடியாது என்றால் இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் என்ற மூன்று டிசைன் மென்பொருள்களும் இலவசம். ஸ்கிரைபஸில் சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்கலாம்.

கேள்வி: ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறேன். வாங்கிப் பன்னிரண்டே நாளில் புது மானிட்டரில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்துவிட்டது. கடையில், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பில்லிலேயே போட்டிருக்கு. தொழிலுக்கு வாங்கினதால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார்கள். உண்மையா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: இரண்டும் தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு ஆனது பன்னிரண்டு நாள். பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பவர்களுக்கு இது பொருந்தாது, பழுதான பொருளுக்குத்தான். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது.

கோட்டைப் படம் எடுங்கள், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணோடு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். கடைக்கும் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். பில் இல்லாமல் விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற பேரத்துக்கு யாரும் சம்மதிக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: மகள் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருக்கிறாள். ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப்பான மேக் மினி வாங்கித் தரச் சொல்கிறாள். சரியா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: தினமும் கல்லூரிக்குத் தூக்கிப்போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் லேப்டாப்தான், மேலே சொன்ன அதே திரைக் கணக்கோடு. வீட்டில் வைத்துச் செய்யத்தான் என்றால் மேக் மினி நல்ல மெஷின். எம்4 மாடல் 2024-இல் 16 ஜிபியோடு 59,900 ரூபாய்க்கு வந்தது, மாணவர்களுக்கு 10,000 குறைவு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். அவள் பின்னாளில் தமிழ் அச்சகங்களோடு வேலை செய்வதாக இருந்தால், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள் இன்னும் நிறைய வரும். அவற்றுக்கான தட்டச்சு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும். விளம்பரம், இணையம், யூனிகோட் தமிழ் என்று போகிறவளுக்கு மேக்கில் குறை இல்லை. ஃபோட்டோஷாப்பில் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம். டைப் அமைப்பில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.