ரங்கூனில் கடைசி மாடி வீடு வாங்கலாமா? மழைக்கு ஒழுகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

வாங்கலாம் தம்பி. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், மொட்டை மாடிக் கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நீங்கள் ஆசைக்காக இதைக் கேட்கவில்லை, கையிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர்க் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தரை வீடு கடைக்குப் போய்விடும், விலை கிட்டவே நெருங்க முடியாது. படி ஏற ஏற விலை இறங்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாம் மாடிக்குத்தான் ஆகக் குறைந்த விலை. நகருக்குள் அதுவும் இல்லையென்றால் வட தகோன், தென் தகோன் என்று போக வேண்டியதுதான். நாங்களும் அப்படித்தான் 2014 டிசம்பரில் வாங்கினோம். அனவ்ரதா சாலைக்குத் தெற்கே, காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வரலாம். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பதடி நீளம், நடுவில் தடுப்பே இல்லாத ஹால் வீடு. அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும் என் மசாலாக் கடைப் பணமும் அதில் போயின.

டிசம்பரில் பார்த்த வீடு அழகாகத்தான் இருந்தது. பனிக்காலத்தில் எந்த வீடுதான் அழகாக இருக்காது? சுவரெல்லாம் புது வெள்ளை. அந்தப் புது வெள்ளை எதற்காக என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

2015 மழை ஞாபகம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் நாட்டில் பாதி இடம் வெள்ளத்தில் கிடந்தது. எங்கள் வீட்டில் முதலில் சாமி மாடத்துக்கு மேலே தட்டளவு ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. பத்து நாளில் அது பாயளவு ஆனது. பிறகு சொட்ட ஆரம்பித்தது. அம்மாவின் தையல் மெஷினைப் பாலித்தீனால் மூடினோம், துணி பீரோவை நடுவீட்டுக்கு இழுத்தோம், இரவில் முறைவைத்து எழுந்து வாளி மாற்றினோம். உப்பு ஜாடி, மிளகாய்த் தூள், படங்கள், என் தம்பியின் சான்றிதழ்கள், எல்லாவற்றிலும் பூசணம். "ஒரு மழைக்காலமாவது நிம்மதியாத் தூங்கணும்னுதானே வாங்கினோம்" என்று அம்மா ஒருநாள் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம் ஊர் மழை என்னவென்று தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ரங்கூனுக்கு 2,700. அதுவும் மே நடுவில் தொடங்கி அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல். என் வீட்டுத் தளம் 625 சதுர அடி. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் 5,800 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி அளவு. அது போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தளத்தின்மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2016இல் ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். பெயர் வேண்டாம். திஞ்சானுக்கு, அதாவது ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு, முந்திய வாரம் வந்து பழைய பூச்சின்மேலேயே இரண்டு அங்குலம் சிமெண்ட் போட்டு, தார் தடவி, "பத்து வருஷம் கவலையில்லை" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். ஏப்ரல் வெயிலில் தளத்தில் கால் வைக்க முடியாது. சிமெண்ட் போட்டால் ஈரத்தில் ஊறி இறுக வேண்டும், காய்ந்து இறுகக் கூடாது. திஞ்சான் வந்தது, ஆட்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் தெளிக்க யாருமில்லை. மொட்டை மாடிக் கதவோ பூட்டிக் கிடந்தது. அந்தச் சாவி நான்காம் மாடிக்காரரிடம், அவர் குடும்பத்தோடு மோல்மேன் போயிருந்தார். ஐந்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் தளம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. அந்த ஆண்டு ஜூனில் முன்பு ஒழுகாத இடமும் ஒழுகியது.

கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. இதுவரை எடுக்கவில்லை.

பெகுப் பக்கத்தில் இருந்து வயதான தமிழ்க் கொத்தனார் ஒருவரை என் தாய்மாமா அழைத்து வந்தார். 2017 பிப்ரவரி. அவர் கரண்டியைத் தொடவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை வாங்கித் தளத்தின் நடுவில் ஊற்றிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்த்தார். தண்ணீர் குழாய் வாய்க்குப் போகவில்லை, எதிர்ப்புறம் போய்க் கைப்பிடிச் சுவரின் அடியில் தேங்கி நின்றது. "வாட்டமே இல்லம்மா. போன ஆள் போட்ட சிமெண்ட் இருந்த வாட்டத்தையும் மூடிருச்சு" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடும் சரிவு. தண்ணீர் இறங்குவதற்கு இருந்தது ஒரே ஒரு இரண்டங்குலக் குழாய். அதன் வாயில் புறாக்கூடு.

அப்புறம் அவர் காட்டியதைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தளத்தில் நான்கு டிஷ் ஆன்டெனா நின்றது. எதுவும் எங்களுடையது இல்லை. ஒவ்வொன்றையும் தளத்தைத் துளைத்து போல்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பழைய ஆன்டெனாவை எடுத்த இடத்தில் ஓட்டைகள் அப்படியே இருந்தன. என் சாமி மாடத்துக்கு நேர் மேலே மூன்று ஓட்டைகள். யாரோ டிவி பார்ப்பதற்காகத் துளைத்த ஓட்டை வழியாகத்தான் இரண்டு மழைக்காலம் நாங்கள் வாளி மாற்றினோம்.

நான் கீழே போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். இரண்டாம் மாடி ஊலே (பர்மியத்தில் மாமா) மரியாதையாகவே பேசினார்: "ஒழுகறது உங்க வீட்டுக்குத்தானேம்மா, நாங்க ஏன் காசு போடணும்?" நான்காம் மாடிக்காரர் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் மாடி அடோ (அத்தை, பெரியம்மா மாதிரி) மட்டும் தன் பங்கைத் தருவதாகச் சொன்னார்.

சட்டத்துக்குப் போகலாமே என்று யாராவது கீழே எழுதுவீர்கள். 2016இல் காண்டோமினியம் சட்டம் வந்தது உண்மைதான். பொது இடம் எல்லோருக்கும் பொது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி காண்டோ என்று பெயர் வாங்க நிலமே குறைந்தது ஒரு ஏக்கர் வேண்டும். நம் தெருக்களில் பன்னிரண்டரை அடி, இருபத்தைந்து அடி மனையில் எழும்பிய கட்டடங்கள் அதில் சேராது. நிலக்காரரும் கட்டியவரும் ஆளுக்குப் பாதி வீடு பிரித்துக்கொண்டு விற்றுவிட்டுப் போன கட்டடங்களில், மொட்டை மாடி யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இருக்காது. எங்களுடையதில் இல்லை.

கடைசியில் வழி காட்டியதும் அந்தக் கொத்தனார்தான். அவிசி என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றிவைக்கும் தொட்டி எல்லா வீட்டுக்கும் பொது, அது நின்றதும் அதே தளத்தில்தான். தொட்டியை இரண்டு நாள் நகர்த்தாமல் அந்த மூலையைச் செய்ய முடியாது, இரண்டு நாள் யாருக்கும் தண்ணீர் வராது என்று ஒரு தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன். அன்று மாலையே ஐந்து வீட்டு ஆட்களும் மேலே ஏறி வந்தார்கள். அந்த ஓட்டைகளையும் தேங்கிய தண்ணீரையும் தொட்டிக் கால் துருப்பிடித்து அரித்துக்கிடந்ததையும் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். கால் முறிந்து தொட்டி சாய்ந்தால் என் வீட்டோடு நிற்காது என்று புரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. செலவில் பாதி நாங்கள், மீதி அவர்கள் என்று முடிந்தது.

அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மேலே புதிதாக எதுவும் ஏற்றவில்லை. முதலில் கான்ட்ராக்டர் போட்ட இரண்டு அங்குலத்தையும் உடைத்துக் கயிற்றில் இறக்கினார். ஓர் அங்குலச் சிமெண்ட் பூச்சு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. இரண்டு அங்குலம் என்றால் என் தளத்துக்கு 6 டன். அந்தப் பாரத்தை ஒரு வருடம் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நாங்கள் படுத்திருந்தோம். 2025 மார்ச் 28 அன்று வடக்கே சகாயிங்கில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது எங்கள் கட்டடமும் ஆடியது. படியில் ஓடி இறங்கியபோது எனக்கு அந்த 6 டன்தான் நினைவுக்கு வந்தது. ஒழுகலுக்கு மருந்தென்று பூச்சின்மேல் பூச்சு ஏற்றுகிறவர்களை நம்பாதீர்கள்.

பிறகு பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் பிடித்தார். இரண்டங்குலக் குழாயை எடுத்துவிட்டு நான்கங்குலக் குழாய் இரண்டு வைத்தார். சுவரும் தளமும் சேரும் மூலை நெடுக உருட்டிப் பூசி, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு ஏற்றினார். குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழே என் வீட்டு மச்சைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் பணம் கேட்டார். பிப்ரவரி என்பதால் சிமெண்ட் நிதானமாக இறுகியது. அதன்பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. தெருப்பக்க மூலையில் ஆகஸ்டில் கொஞ்சம் ஈரம் காணும், அவ்வளவுதான். நான் இன்ஜினியர் இல்லை, உங்கள் கட்டடத்துக்கு வேறு நோய் இருக்கலாம். என் வீட்டில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

நாடு இருக்கிற நிலையில் வீட்டுக்குப் பூச்சு வேலை பற்றிப் பேச்சா என்று கேட்பவர்களும் உண்டு. டாலர் விலை எங்கே போனது, கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது என்று எனக்கும் தெரியும். சிமெண்ட் மூட்டை விலை வாரத்துக்கு ஒன்று. அதனால்தான் இரண்டு முறை செலவு செய்ய முடியாது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லையென்றாலும். போன மாதம் வேறொரு பதிலுக்குக் கீழே ஒருவர், "பர்மாத் தமிழர் எல்லோரும் 1964லேயே திரும்பி வந்துவிட்டார்களே, அங்கே இன்னும் யார் இருக்கிறார்கள்?" என்று எழுதியிருந்தார். நாங்கள் இருக்கிறோம் ஐயா. என் அப்பா இங்கேயே பிறந்தவர். கடைசிவரை கையில் வெளிநாட்டவர் அட்டையோடுதான் இருந்தார். வெளிநாட்டவர் அசையாச் சொத்து வாங்கக் கூடாது என்று 1987இல் வந்த சட்டம் சொல்கிறது. அதனால் வீடு அம்மா பெயரில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் அப்பா வாசலில் நின்றிருந்தார். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த மரம் விளைந்த மண்ணில் பிறந்தவருக்குத் தன் பெயரில் ஒரு கதவு இல்லை. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்தது.

சரி, உங்கள் விஷயம். வீட்டை டிசம்பரில் பார்க்காதீர்கள். ஜூலையில், மூன்று நாள் தொடர்ந்து பெய்த பிறகு போய்ப் பாருங்கள். புது வெள்ளை அடித்திருந்தால் எந்த மூலையில் ஆகப் புதிதாக இருக்கிறது என்று கவனியுங்கள். வேலை செய்வதென்றால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். இப்போது எல்லோரும் மாடியில் சோலார் பலகை வைக்க ஏறி வருகிறார்கள், எங்கள் கட்டடத்திலும் இரண்டு வீடு கேட்டது. தளத்தைத் துளைக்காமல் சிமெண்ட் கட்டைகளில் இறுக்கச் சொன்னேன், அதன் பாரத்தையும் கணக்குப் பார்த்த பிறகு. நான்காம் மாடிக்காரரும் அப்படித்தான் வைத்திருக்கிறார். பலகையைத் துடைக்க வேண்டுமென்றால் என் வீட்டு பால்கனிக் கயிற்றின் மணியை ஆட்டுவார். கிளிப்பில் மாட்டி மாடிச் சாவியை இறக்கிவிடுவேன்.