வீட்டை விற்கும்போது நீளும் பழுதுப் பட்டியல்: கேள்வி-பதில்

கேள்வி: என் பழைய வீட்டை வாங்க முன்வந்தவர், பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டிவிட்டு, தாழ்ப்பாள் முதல் மொட்டைமாடி ஒழுகல் வரை இரண்டு பக்கப் பட்டியல் தந்திருக்கிறார். அனைத்தையும் சரிசெய்து தரவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒழுகல், மின்கம்பிகளின் நிலை, அடித்தளம், கழிவுநீர்க் குழாய், கரையான் ஆகியவை பேசித் தீர்க்க வேண்டியவை. தேய்ந்த தாழ்ப்பாளும் மங்கிய வண்ணமும் வீட்டின் வயதோடு வந்தவை, அவற்றை நேரில் பார்த்த பிறகுதான் அவர் விலை பேசினார். விரிசலில் மட்டும் நிதானம் தேவை. பூச்சில் மயிரிழையாக ஓடுவதற்கு அஞ்ச வேண்டாம்; சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்திருந்தால், அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பழுதுகளை நானே ஆள் வைத்துச் சரிசெய்வதா, விலையில் கழிப்பதா?

பதில்: கழித்துவிடுங்கள். விற்றுவிட்டுப் போகிறவர் செய்யும் வேலை ஒப்புக்குத்தான் இருக்கும் என்று வாங்குபவர் ஐயப்படுவார், அந்த ஐயம் பெரும்பாலும் பொய்ப்பதுமில்லை. இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை முன்வைத்துப் பேசுங்கள். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த தண்ணீர் மோட்டாருக்குப் புது மோட்டாரின் முழு விலையைக் கேட்டால் இசையாதீர்கள். எவ்வளவு தொகை, எந்தப் பழுதுக்காக என்பது ஒப்பந்தத்தில் ஏறவேண்டும். அவர் வங்கிக் கடனில் வாங்குபவரானால், விலை குறைவதை வங்கிக்கு முன்பே தெரிவிக்கச் சொல்லுங்கள், கடன் தொகையும் மாறக்கூடும். மின்கசிவு போன்ற ஆபத்தை மட்டும் பேரத்துக்கு விடாமல் உடனே சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: கூடத்துச் சுவரின் அடியில் ஓதம் இருக்கிறது. வண்ணம் அடித்துவிட்டால் தெரியாது என்கிறார் தரகர்.

பதில்: சில மாதங்களுக்குத் தெரியாது. வண்ணம் ஓதத்தை நிறுத்துவதில்லை. சுவருக்குள் ஏறும் நீர் தன்னோடு கரைத்துவரும் உப்பு, அந்த நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிக் கொப்புளமாக்கி உதிர்த்துவிடும். நான் வாங்கிய முதல் வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புது வண்ணத்தில் பளபளத்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கிளம்பி, விரல் பட்ட இடத்தில் எல்லாம் காரை மாவாகக் கொட்டியது. அதன்பின், விற்பனைக்கு நிற்கும் வீட்டில் ஒற்றைச் சுவருக்குப் புது வண்ணத்தைக் கண்டால், அதைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் அடுத்த அறைக்குப் போவதில்லை. தெரிந்த குறையை மறைத்து விற்றவரைப் பல நாடுகளின் சட்டம் விற்றபின்னும் விடுவதில்லை. தரகரோ தரகுத்தொகையை வாங்கிக்கொண்டு அன்றே போய்விடுவார். ஓதம் இருப்பதை எழுதிக் கொடுங்கள், காரணத்தையும் தேடுங்கள். உடைந்த மழைநீர்க் குழாயோ, சுவரையொட்டிக் குவித்த மண்ணோதான் காரணம் என்றால், நீங்கள் அஞ்சும் அளவுக்குச் செலவு வராது.

கேள்வி: மாலையில் ஒருமுறை பார்த்து வீடு வாங்கினேன். குடியேறிய பிறகுதான் குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்று தெரிந்தது. விற்றவரிடம் செலவைக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். குழாயைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கியவருக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொட்டைமாடி ஒழுகலுக்காக விலையைக் குறைத்து ஒப்பந்தமும் எழுதியாயிற்று. பத்திரப்பதிவு நெருங்கும் வேளையில், அதே ஒழுகலைச் சொல்லி மேலும் குறைக்கச் சொல்கிறார். இந்தப் பணத்தை நம்பி நான் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: புதிதாக ஒரு பழுது வெளிப்பட்டிருந்தால் அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஏற்கெனவே விலையில் கழித்த ஒழுகலை மறுபடி காட்டுவது, உங்களுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு கழுத்தைப் பிடிக்கும் வேலை. உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. தொலைபேசியில் வாதாட வேண்டாம். ஒழுகலுக்காகக் குறைத்த தொகையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துக்காட்டி, பதில் சொல்ல ஒரு நாளைக் குறித்து, எழுத்தில் அனுப்புங்கள். அவர் பின்வாங்கினால் முன்பணம் என்னாகும் என்பதை வழக்கறிஞரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் வீட்டின் உரிமையாளரிடம் கூடுதல் அவகாசம் கேளுங்கள், அது கிடைத்தாலே உங்கள் நெருக்கடி பாதி தளரும். முன்பு விலை கேட்டுப்போன மற்றவரையும் அழைத்துப் பேசிவையுங்கள்.