மார்கழிக் கண்மாயும் உறைந்த ஏரியும்: எப்போது, எங்கே தூண்டில் போடுவது?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவர். அரைக்கால் சட்டை நாளிலிருந்து தூண்டில் பிடித்த கை. அவர் கேட்பது இது: "ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே கரையில் போய் உட்காருகிறேன். தக்கை அசையவே மாட்டேன் என்கிறது. இதே கண்மாயில் பங்குனியில் ஆளாளுக்குப் பை நிறைய எடுத்துப் போகிறார்கள். எந்த மாதம் எங்கே போடுவது? இன்னொன்று, தை பிறந்ததும் மகளைப் பார்க்க அமெரிக்காவில் மினசோட்டாவுக்குப் போகிறோம். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கலாம் என்கிறார் மாப்பிள்ளை. அதை நம்பி ஏறலாமா? இங்கிருந்து என்ன வாங்கிப் போகவேண்டும்?"

இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் குளிர்ந்தால் அதன் பசி மட்டுப்படும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் பசி அறவே போய்விடும். இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால் கண்மாய்க்கரையிலும் பனிக்கட்டியின் மேலும் ஒரே கணக்குத்தான்.

முதலில் மார்கழி. உங்கள் தவறு மாதத்தில் இல்லை, மணியில் இருக்கிறது. நம் கண்மாய்கள் பரப்பில் பெரியவை, ஆழத்தில் சிறியவை. மடைக்குழியை விட்டால் பெரும்பாலான இடத்தில் ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழம்தான். இரவெல்லாம் பனி இறங்கினால் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே போகும். விடியும்போது மொத்தத் தண்ணீரும் அன்றைய தினத்தின் மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கும். கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பிறந்த மீன்கள். அந்த நேரத்தில் உங்கள் மண்புழு அதன் மூக்குக்கு முன்னால் தொங்கினாலும் திரும்பிப் பார்க்காது. திருப்பாவையைக் கேட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள். வெயில் முதலில் விழுகிற ஆழமில்லாத ஓரம், அதிலும் காற்று மோதாத பக்கம். பதினொன்று, பன்னிரண்டு வரை கடிக்கும். முள் சிறியதாக இருக்கட்டும். இரையும் அரைப் புழு போதும். குளிரில் மீன் விழுங்காது, உதட்டால் தொட்டுப் பார்க்கும். பெரிய தக்கை அந்தத் தொடுதலைக் காட்டாது. மயிலிறகுத் தண்டில் இரண்டு அங்குலம் நறுக்கித் தங்கூசி நரம்பில் கட்டுங்கள். அது நுனி வரை முழுகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே மீன் வாயில் வைத்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு காரணமும் உண்டு. நிறைந்த கண்மாயில் மீன் கருவேல மரத்தடி வரை பரந்து கிடக்கிறது. பங்குனியில் அதே மீன் பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குள் அடைந்து கிடக்கும். அப்போது பிடிப்பவர் கெட்டிக்காரர் என்பதைவிட, மீனுக்குப் போக்கிடம் இல்லை என்பதே சரி.

வருடத்தைப் புதுத்தண்ணீரிலிருந்து தொடங்குவதுதான் நம் ஊர் வழக்கம். ஆவணி, புரட்டாசியில் இடிமழை பெய்து வரத்துக்காலில் செந்தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கெளுத்தி சுறுசுறுப்பாகும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை, மீசைக்குத்தான் வேலை. அதனால் வாசனை உள்ள இரை, மண்புழுதான். வாய்க்கால் கண்மாயில் சேரும் இடத்தில், ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கித் தரையோடு போடுங்கள். கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றும்போது முதுகு முள், இரண்டு பக்க முள் மூன்றையும் விரல் இடுக்கில் அடக்கிக்கொண்டு பிடிக்கவேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தேளி மீன் என்றால் துணி போட்டுப் பிடியுங்கள். பெயரை யாரும் சும்மா வைக்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் மீன் எதிரேறும். வயிறு நிறைய முட்டையோடு ஏறும் மீனைக் கலுங்கிலேயே பறி வைத்து மறிப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மாலை நேரக் குழம்புக்காக அடுத்த வருடக் கண்மாயை விற்பது அது. விரால் விஷயமும் அப்படித்தான். மழைக்காலத்தில் பாசி ஓரமாகச் செந்நிறப் பொடிக்குஞ்சுகள் ஒரு தட்டு அளவுக்குத் திரண்டு, மேலே வந்து குமிழிவிட்டுக் கீழே போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு முழம் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே தவளைக்குஞ்சைப் போட்டால் காவல் விரால் கோபத்தில் பாய்ந்து கவ்வும், மிக எளிது. ஆனால் அதைத் தூக்கிய பத்தாவது நிமிடம் ஜிலேபியும் கெண்டையும் வந்து குஞ்சுகளை மேய்ந்துவிடும். செய்யாதீர்கள்.

ஜிலேபியைச் சொன்னதால் ஒன்று. பலர் அதை நாட்டு மீன் என்றே நினைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. வாயிலேயே முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சைக் காப்பாற்றுவதால் எங்கும் பெருகிவிட்டது. அதை எவ்வளவு பிடித்தாலும் பாவமில்லை. கேப்பை மாவு உருண்டை, கரையோரம், வெயில் நேரம். வேறு சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம்.

தூண்டில்காரனுக்கு உரிய காலம் மாசியும் பங்குனி முற்பாதியும்தான். தண்ணீர் தெளிந்து, இறங்கி, வெதுவெதுப்பாகியிருக்கும். காலை ஏழு முதல் பத்து, மாலை நான்குக்கு மேல். மடைக்குழியின் ஓரச் சரிவில் ரோகு நிற்கும். கட்லா நடுத்தண்ணீரிலும் மேலும் மேயும், ஆகவே தக்கையை உயர்த்திக் கட்டவேண்டும். மிர்கால் தரை மீன்.

சித்திரையில் நிலைமை தலைகீழ். சுண்டிப்போன பச்சைத் தண்ணீரில் பகலில் பாசி பிராணவாயு விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும்போது மிச்சம் மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். "இவ்வளவு மீன் கண்ணுக்குத் தெரிகிறதே, ஒன்றும் கடிக்கவில்லையே" என்று எத்தனையோ பேர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். மூச்சுக்குத் தவிப்பவனிடம் பந்தி விரித்தால் உட்காருவானா? அந்த வேளையில் கடிப்பது காற்றை நேராகக் குடிக்கத் தெரிந்த விராலும் குறவையும் மட்டும். மற்றதை ஊர் கூடி மொத்த மீனையும் பிடித்துக் கண்மாய் அழிக்கும் நாளுக்கு விட்டுவிடுங்கள். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையோடு இறங்குகிற கூட்டத்தில் தூண்டிலுக்கு என்ன மரியாதை!

இடம் பற்றி இரண்டு வார்த்தை. குடிதண்ணீர் ஊருணியிலும் கோயில் தெப்பக்குளத்திலும் போடுவதில்லை, அது நமக்குத் தெரிந்ததே. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே மீன் பறவைக்கு. மற்றக் கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதே முறை.

இனி மினசோட்டா. நானும் இரண்டு குளிர்காலம் அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருந்திருக்கிறேன். முதல் நாள் பனிக்கட்டியின்மேல் நிற்கும்போது அடியிலிருந்து மரம் முறிவதுபோல ஒரு முழக்கம் வந்தது. நான் நாற்காலியை விட்டுக் கரையை நோக்கி நடந்தேவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். குளிர் ஏறி இறங்கும்போது பனிக்கட்டி விரிந்து சுருங்கும் ஓசை அது. அந்த ஓசை மட்டும் ஆபத்துக்கு அறிகுறி அல்ல. ஆபத்துக்கு அறிகுறி தடிமன்தான்.

புதிதாக உறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமாவது இருந்தால்தான் மனிதர் நடக்கலாம் என்பது அந்த மாநில இயற்கை வளத் துறை சொல்லும் கணக்கு. சிறிய காருக்கு 9, 10 அங்குலம். பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி வலுத்தான். அதற்கு இரட்டிப்புத் தடிமன் வேண்டும். ஒரே ஏரியில் இங்கே 14, அங்கே 3 என்று இருக்கும். ஆறு நுழையும் வாய், பாலத்தடி, ஊற்றுக்கண், குறுகலான கழுத்து, இங்கெல்லாம் அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருப்பதால் கட்டி மெலிந்திருக்கும். ஆகவே மாப்பிள்ளை கடப்பாரைபோல ஒரு நீளக் கம்பியால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்கட்டும். நீங்கள் நாலைந்து கஜம் பின்னால், அவர் தடத்தில். மரியாதைக்காக உங்களை முன்னே விடச்சொல்லாதீர்கள்.

கழுத்தில் கயிறு கட்டிய ஒரு ஜோடிக் கூர்முனைப் பிடிகள் விற்பார்கள். அதைச் சட்டைக்கு வெளியே தொங்கவிடுங்கள். தவறி விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, அந்த முனைகளைக் கட்டியில் குத்தி, காலை உதைத்து வயிற்றால் மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலகவேண்டும். முதல் 1 நிமிடம் மூச்சை ஒழுங்குபடுத்த, அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், சுமார் 1 மணி நேரம் வரை நினைவு தப்பாது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். கனத்த உடையை உள்ளேயே கழற்ற முயலவேண்டாம். அதில் அடைபட்ட காற்று மிதக்க வைக்கும்.

மீன் எங்கே நிற்கும்? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். ஆகவே மேலே கட்டியை ஒட்டி 0 டிகிரியும், அடியில் 4 டிகிரியுமாகப் படிந்திருக்கும். நம் மார்கழிக் கண்மாய் மாதிரி ஒரே கலவையாக இராது. நீங்கள் போகும் தை, மாசி அவர்களுக்கு நட்ட நடுக் குளிர்காலம். கட்டியின்மேல் பனி மூடி வெளிச்சம் இறங்காததால், ஆழமற்ற ஓரங்களில் நீர்ச்செடி பிராணவாயு விடுவது நின்றுவிடும். சித்திரை விடியற்காலை அங்கே வாரக்கணக்கில் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பெர்ச், கிராப்பி போன்றவை ஆழமான நடுக்கிடங்குக்கு நகர்ந்துவிடும். பெர்ச் தரையை ஒட்டி. கிராப்பி அந்தரத்தில் மிதந்து மேல்நோக்கியே பார்த்திருக்கும், இரை அதற்கு ஓர் அடி மேலே இருக்கவேண்டும். வாலை என்ற மீன் மங்கிய வெளிச்சத்தில் வேட்டையாடுவது. பொழுது சாயும் அரைமணி நேரம் அதற்கு.

கருவிகள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஆகர் என்ற திருகு துளைப்பான், 6 அல்லது 8 அங்குல அகலம், துளையில் மிதக்கும் பனிச்சீவலை அள்ள நம் பூந்திக் கரண்டி போன்ற ஒன்று, முழங்கையளவு முதல் மூன்றடி வரையிலான குட்டைக் கோல், மெல்லிய நரம்பு, மின்னும் சிறு முள், மெழுகுப் புழு அல்லது சிறு மீன். கோல் நுனியில் தலைமுடிபோல் ஒரு வில் கம்பி இருக்கும். அது நம் மயிலிறகுத் தண்டின் பங்காளி. வளைவதைவிட, வளைந்திருந்தது நிமிர்வதைக் கவனியுங்கள்; மீன் இரையோடு மேலேறினால் எடை குறைந்து கம்பி நிமிரும். அப்போது மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கவேண்டும். நரம்பு செல்லும் வளையங்களில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் கோலைத் தண்ணீரிலேயே ஒருமுறை நனைத்தெடுத்தால் கரையும். இன்னொரு துளையில் கொடி வைத்த குறுக்குச் சட்டம் ஒன்றைப் பொருத்திவிட்டு வெதுவெதுப்பாக உட்காரலாம். மீன் இழுத்தால் கொடி எழும். ஒருவருக்கு இரண்டு தூண்டில் வரை அங்கே அனுமதி. வெளியூர்க்காரருக்கான உரிமம் 24 மணி நேரத்துக்கு, 72 மணி நேரத்துக்கு, 7 நாளுக்கு என்று தனித்தனியாகக் கிடைக்கும், எடுக்காமல் உட்காராதீர்கள்.

கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைத்தால் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கவேண்டும். வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்தைப்போல வந்து ஆளை முடித்துவிடும்.

இங்கிருந்து வாங்கிப் போக ஒன்றுமில்லை. பருத்தி பனியனும் பருத்திக் காலுறையும் மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நான் அந்தப் பிழையைச் செய்து இரண்டு நாள் கால் விரல் மரத்துக் கிடந்தேன். உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத உடை, மாற்றுக் கையுறை இரண்டு ஜோடி. மீனைத் தொட்ட ஈரக் கையை உடனே துடைக்க ஒரு துண்டு; அது நம்மூர்த் துண்டாகவே இருக்கலாம். விராலின் பெருமையை அங்கே பேசலாம், உயிரோடு கொண்டுபோவதை நினைத்தும் பார்க்காதீர்கள். 2002-இல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் விரால் இனம் பெருகியிருந்தது கண்டு ஊரே அமளிப்பட்டது. அந்த இனத்தை உயிரோடு இறக்குமதி செய்ய அந்நாட்டில் தடை.

வாலையை வறுக்கவேண்டும், புளியும் மிளகாயும் அதன் மென்மையை அமுக்கிவிடும். குழம்புக்கு ஆசைப்பட்டால் பர்பட் என்ற ஒன்று கிடைக்கும், பார்க்க அவலட்சணம், சதை கெட்டி. அது நம் அம்மியில் அரைத்த மசாலாவைத் தாங்கும்.

மாசிக்குள் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்பே குத்தகைக்காரரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். பங்குனி பாதி ஆனதும் அவர் வலைக்காரரை இறக்கிவிடுவார். அதன்பிறகு மடைக்குழி உங்களுக்கு இல்லை.