முழங்கால் வலி உள்ளவருக்கு எந்த மரப்பரண்?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இந்த அக்டோபரில்தான் முதல் முறையாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறேன். நண்பரின் 40 ஏக்கர் காட்டில் உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது. எடை 210 பவுண்டு, வலது முழங்காலில் பழைய வலி உண்டு. தொங்கு பரண், ஏறு பரண், ஏணிப் பரண் மூன்றில் எது? எத்தனை அடி உயரம்?

பதில்: ஏணிப் பரண், 15 அடி. ஆனால் பரணுக்கு முன்னால், விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் பட்டைக் கட்டான ஹார்னெஸை, உடல் முழுக்கப் பிடிக்கும் வகையில் வாங்குங்கள்.

ஏறு பரணை முதலிலேயே கழித்துவிடலாம். அது இரண்டு துண்டு. மேல் துண்டில் உடலைத் தாங்கிக்கொண்டு, கீழ்த் துண்டைப் பாதங்களால் கவ்வி மேலே இழுக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடங்கி நிமிரும். கிளையில்லாத நேர்மரமும் வேண்டும். தொங்கு பரண் என்பது மரத்தில் பட்டையால் கட்டும் சிறு மேடை, ஏற மரத்தில் தனியாகப் படிகள் மாட்ட வேண்டும். எடை குறைவு, மறைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் ஏறுபடியிலிருந்து பக்கவாட்டில் காலை எட்டி வைத்து மேடைக்கு மாறும் அந்த ஒரு நொடியில்தான் பலர் விழுகிறார்கள். விடியாத இருட்டில், பனி ஈரத்தில், வலிக்கும் காலோடு அது வேண்டாம். ஏணிப் பரண் கனம், தூக்கிக்கொண்டு இடம் மாற்ற முடியாது. ஒரே காட்டில் உட்காரப் போகும் உங்களுக்கு அது குறையே இல்லை.

பெரும்பாலான ஒற்றை ஆள் பரண்கள் 300 பவுண்டு தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். அது உடல் எடை மட்டுமல்ல. குளிர்ச்சட்டை, பூட்ஸ், பை, வில், தண்ணீர் எல்லாம் சேர்ந்த கணக்கு. 30 பவுண்டு கூட்டினாலும் நீங்கள் 240-க்குள். ஹார்னெஸுக்கும் தனி எடை வரம்பு உண்டு, அதையும் பாருங்கள். டிஎம்ஏ எனப்படும் உற்பத்தியாளர் சங்கத்தின் முத்திரை இல்லாத பரணை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உயரம் கூடினால் மானுக்கு வாடை தெரியாது என்று பலர் 25 அடிக்கு ஏறுகிறார்கள். வில்லுக்கு அது கெடுதல். 15 அடிப் பரணில் எழுந்து நின்று எய்தால் அம்பு ஏறக்குறைய 20 அடியிலிருந்து புறப்படும். 10 யார்டில் நிற்கும் மானின் மார்புக்கு அது சுமார் 31 டிகிரிச் சரிவு. 25 அடியில் அதே மானுக்கு 43 டிகிரி. சரிவு செங்குத்தாக ஆக ஆக, அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து வெளியேறும் வாய்ப்பு கூடும். அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிவிடும், தேடினாலும் கிடைக்காமல் போகலாம். 20 யார்டில் 15 அடிப் பரணின் சரிவு 17 டிகிரிதான். அதனால் மான் தடத்திலிருந்து 15 முதல் 20 யார்டு தள்ளி, காற்று தடத்திலிருந்து உங்கள் பக்கம் வீசும்படி பரணை வையுங்கள். எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும்.

வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடப்பக்கம் திரும்பி எய்வது எளிது. தடம் உங்கள் இடப்பக்கம் விழும்படி மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் திரும்பினால் உடல் முறுக்கிக்கொள்ளும், ஹார்னெஸை மரத்தோடு இணைக்கும் கயிறும் கழுத்தில் வந்து உரசும்.

மரம் உயிரோடு, நேராக இருக்க வேண்டும். மேலே பட்டுப்போன கிளை தொங்கினால் வேறு மரம் பாருங்கள். ஆஷ் மரத்தில் குறிப்பாகக் கவனம் தேவை: 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு பென்சில்வேனியாவிலும் ஏராளமான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. செத்த ஆஷ் வெளியே திடமாகத் தெரியும், உள்ளே நொறுங்கும்.

நிறுத்த மூன்று பேர் வேண்டும். அடி ஏணியைத் தரையில் அழுத்திப் பதித்து, ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்கு நீளும் தாங்கு கம்பியையும் குறுக்குப் பட்டைகளையும் தரையில் நின்றபடியே மரத்தோடு இறுக்கிவிடுங்கள். பிறகு ஒருவர் இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஏற, மற்ற இருவரும் ஏணியைப் பிடிக்க வேண்டும். ஏறுபவர் மேடையை ராட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் பட்டை) மரத்தோடு பூட்டி, உட்கார்ந்தால் தலைக்கு மேல் வரும் இடத்திலிருந்து தரைவரை லைஃப்லைன் எனப்படும் பாதுகாப்புக் கயிற்றைத் தொங்கவிட வேண்டும். அதில் புருசிக் முடிச்சு போட்டிருக்கும். கையால் தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் கவ்வும். இனி தரையிலேயே ஹார்னெஸை அதில் மாட்டிக்கொண்டு ஏறி, இறங்கித் தரையைத் தொட்ட பிறகே கழற்றுங்கள். உட்கார்ந்த நிலையில் கயிறு தொய்யக்கூடாது. தொய்ந்தால் விழும் தூரம் கூடும்.

விழுந்து ஹார்னெஸில் தொங்கினாலும் ஆபத்து முடிந்துவிடாது. தொடைப் பட்டைகள் ரத்த ஓட்டத்தை அழுத்தும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஹார்னெஸோடு வரும் கால்வளையத்தில் மிதித்து நின்று பாரத்தை மாற்றுங்கள், கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். போன் பையில் அல்ல, சட்டைப் பாக்கெட்டில். ஒருமுறை விழுந்த ஹார்னெஸ் அதோடு சரி, தூக்கிப் போட வேண்டியதுதான்.

வில்லைக் கையில் பிடித்து ஏறக்கூடாது. இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். மேலே போய்க் கட்டிக்கொண்ட பிறகு, அம்பு முனைகள் மூடிய நிலையில் வில்லைக் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள்.

வசதி என்று பார்த்தால், முன்னால் நிலையான கம்பி உள்ள பரண் துப்பாக்கிக்காரர்களுக்கானது. உட்கார்ந்து நாண் இழுத்தால் வில்லின் கீழ்ப்பாதி அதில் இடிக்கும். கம்பி தூக்கி மடிக்கக்கூடியதா பாருங்கள். இருக்கையும் மடிந்தால் மரத்தில் முதுகு சாய்த்து நிற்கலாம். தாழ்ந்த இருக்கை உங்கள் முழங்காலுக்குப் பகை. உட்கார்ந்திருக்கும்போது தொடை தரைக்குச் சமமாகவோ, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். நுரைத் திண்டு மழையை உறிஞ்சும், வலை இருக்கை சீக்கிரம் காயும்.

காட்டுக்குக் கொண்டுபோகுமுன் ஏணித் துண்டுகளை விட்டுவிட்டு, இருக்கையை மட்டும் வீட்டுத் தோட்டத்தில் தரையை ஒட்டிக் கட்டுங்கள். நவம்பர்க் குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தும் நின்றும் நாணை இழுங்கள். சட்டைக்கை நாணில் படுகிறதா, கால் நகர்த்தும்போது மேடை கிறீச்சிடுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கிறீச்சிடும் இடங்களில் நைலான் வாஷரும் மேடையில் ஒரு துண்டுக் கம்பளமும் போதும்.

சீசன் முடிந்ததும் பட்டைகளைத் தளர்த்திவிடுங்கள். மரம் பருக்கும், இறுக்கிய பட்டை அறுந்துபோகும். அடுத்த ஆண்டு ஏறுமுன் அணில் கடித்த தடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டையையும் விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் வெளுத்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.